குதிரைக்கு இலக்கணம் சொல்லத் தெரியாத சிறுமி: டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலும் தேர்வுக் கல்வியின் வரலாறும்

1854 ஏப்ரல் 1 அன்று லண்டனில் வெளிவந்த ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ வார இதழில் ஒரு புதிய தொடர்கதை தொடங்கியது. இதழின் ஆசிரியரான சார்ல்ஸ் டிக்கன்ஸே அதை எழுதினார். கதையின் தொடக்கம் ஒரு வகுப்பறை. பள்ளியை நடத்தும் கிராட்கிரைண்டு என்னும் கனவான், மாணவர்களைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைக்கிறார். இருபதாம் எண் சிறுமியை எழுப்பி, குதிரை என்றால் என்ன என்று கேட்கிறார். அவள் பெயர் சிஸ்ஸி ஜூப். சர்க்கஸ் கூடாரத்தில் குதிரைகளுக்கு நடுவே வளர்ந்தவள்; அவளுடைய தந்தை சர்க்கஸ் கலைஞர். ஆயினும் அவளால் விடை சொல்ல முடியவில்லை. அதே கேள்வி பிட்சர் என்ற பையனிடம் போகிறது. குதிரையின் கால், பல், குளம்பு, உணவு எல்லாவற்றையும் அவன் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். இப்போது உனக்குக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்று சிறுமியிடம் சொல்லிவிட்டு, கிராட்கிரைண்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்.

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களில் பள்ளியைப் பற்றிய காட்சிகள் ஏராளம். அவற்றுள் இன்றைய மாணவருக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று துணிந்து கூறலாம். இங்கே காட்டப்படுவது அக்கால அளவுகோலின்படி ஒரு நல்ல பள்ளி என்பதே அதற்குக் காரணம்.

பிரம்பு இல்லாத பள்ளி

டிக்கன்ஸ் மோசமான பள்ளிகளை முன்பே எழுதியவர். 1838 தொடக்கத்தில் யார்க்‌ஷயர் பகுதிக்கு நேரில் சென்று அங்கிருந்த மலிவான உறைவிடப் பள்ளிகளைப் பார்த்தார். வேண்டாத பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவதற்கென்றே நடந்த இடங்கள் அவை. அந்தப் பயணத்திலிருந்து ‘நிக்கோலஸ் நிக்கல்பி’ நாவலின் டோத்பாய்ஸ் ஹால் பள்ளி பிறந்தது. அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், அடி வாங்குகிறார்கள், எழுத்துக் கற்பதில்லை. அந்தக் கொடுமையை எவரும் கொடுமை என்று உடனே ஒப்புக்கொள்வர்.

‘ஹார்ட் டைம்ஸ்’ பள்ளியில் அத்தகைய குறை ஒன்றும் கிடையாது. கட்டடம் இருக்கிறது. ஆசிரியர் முறையாகப் பயிற்சி பெற்றவர். மேற்பார்வையிட அரசு அதிகாரி வருகிறார். பள்ளியை நடத்துபவர் பணம் பறிப்பவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர். கொடியவர் ஒருவரும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் எப்படிப் பாழாகிறார்கள் என்று கேட்டதே இந்நாவலின் புதுமை.

ஆசிரியரின் பெயர் மெக்சோக்கம்சைல்டு. பிள்ளையின் தொண்டையை நெரிப்பவர் என்ற பொருள் தொனிக்கும்படி டிக்கன்ஸ் வைத்த பெயர் இது. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆசிரியர்களோடு சேர்த்து ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் என்று அவரை நாவல் அறிமுகம் செய்கிறது. அக்கால வாசகர்களுக்கு இந்தக் கேலி எதைக் குறிக்கிறது என்பது எளிதில் புரிந்திருக்கும். 1839-இல் இங்கிலாந்தில் கல்விக்கென ஒரு அரசுக் குழு அமைந்தது. அதன் செயலராக இருந்த ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் 1846-இல் மாணவ-ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே பழகுநராக இருந்து, தேர்வெழுதி, உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம். டிக்கன்ஸ் இந்த நாவலை எழுதிய காலம், அவ்வாறு படித்தவர்கள் ஆசிரியர்களாக வெளிவரத் தொடங்கிய காலம்.

இங்கே டிக்கன்ஸ் முழு நியாயம் செய்தார் என்று சொல்வதற்கில்லை. அந்தத் திட்டத்துக்கு முன்பு ஏழைகளின் பள்ளிகளில் பாடம் சொன்னவர்களில் பலர் வேறு வேலைக்கு ஆகாதவர்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் படித்து ஆசிரியராக உயர ஒரு வழியைத் திறந்ததும் அதே திட்டம்தான். டிக்கன்ஸும் கல்விக்கு எதிரி அல்லர். 1843-இல் லண்டனின் ஃபீல்டு லேனில் இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளியை நேரில் பார்த்து, அத்தகைய பள்ளிகளுக்காகப் பரிந்து பேசியவர். அவர் தாமே பள்ளிப் படிப்பு பறிபோன பிள்ளை. 1824-இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயது சார்ல்ஸ் வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்குக் காலணி மைத் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். கல்வி கிடைக்காத வலியை அறிந்தவர், கிடைக்கும் கல்வி எப்படிப்பட்டது என்று கேட்டதால்தான் அந்தக் கேள்விக்குக் கனம் ஏறுகிறது.

எண்களின் காலம்

கிராட்கிரைண்டின் சமயம் புள்ளிவிவரம். தம் இளைய மகன்களுக்கு ஆடம் ஸ்மித், மால்தஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். இது நாவலாசிரியரின் மிகைதான் என்றாலும், காலம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. மான்செஸ்டரில் 1833-இலும் லண்டனில் 1834-இலும் புள்ளியியல் சங்கங்கள் தோன்றின. தொழிற்சாலை, சுகாதாரம், வறுமை, கல்வி என ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்து, நீல அட்டை போட்ட தடித்த அறிக்கைகளை வெளியிட்டது. பிள்ளைகளின் வேலை நேரம் குறைந்ததற்கு அந்த அறிக்கைகளே பெருங்காரணம் என்பதையும் மறக்கக் கூடாது. எண்கள் ஏழைக்கு உதவின. ஏழையை மறைக்கவும் உதவின. டிக்கன்ஸுக்கு இரண்டாவது மட்டுமே கண்ணில் பட்டது.

சிஸ்ஸி வகுப்பில் செய்த தவறுகளைக் கிராட்கிரைண்டின் மூத்த மகள் லூயிசாவிடம் வெட்கத்தோடு சொல்லும் இடம் நாவலின் மிகச் சிறந்த பகுதி. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஓராண்டில் இருபத்தைந்து பேர் மட்டுமே தெருவில் பட்டினியால் இறந்தால், அந்த நகரத்தைப் பற்றி என்ன சொல்வாய் என்று ஆசிரியர் கேட்டாராம். மற்றவர்கள் எத்தனை லட்சம் பேராக இருந்தாலும், இறந்தவர்களுக்குத் துன்பம் துன்பம்தானே என்றாளாம் சிஸ்ஸி. கடலில் பயணம் செய்த ஒரு லட்சம் பேரில் ஐந்நூறு பேர் மாண்டால் எத்தனை சதவீதம் என்பது அடுத்த கேள்வி. இறந்தவர்களின் உறவினருக்கு அந்தச் சதவீதத்தால் ஒன்றும் ஆவதில்லை என்பது அவளுடைய விடை. இரண்டும் தவறு என்று ஆசிரியர் குறித்துக்கொண்டார். சிஸ்ஸியும் தன் விடைகள் தவறு என்றே நம்புகிறாள். தான் மக்கு என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. தேர்வில் தோற்ற மாணவர் முதலில் நம்பத் தொடங்குவதும் இதைத்தான்.

கிராட்கிரைண்டு வீட்டுப் பிள்ளைகளைப் போல வளர்க்கப்பட்ட ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். அவர் மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். தந்தை ஜேம்ஸ் மில் அவரைப் பள்ளிக்கே அனுப்பாமல், மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கி, விளையாட்டுத் தோழர் இன்றி வீட்டிலேயே பயிற்றுவித்தார். 1826-இல், இருபது வயதில், மகன் கடுமையான மனச்சோர்வில் வீழ்ந்தார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே கேட்டார். இல்லை என்று உள்ளம் சொன்னது. அதிலிருந்து மீள வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் உதவின என்று 1873-இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். அந்த நூல் வருவதற்கு மூன்றாண்டு முன்பே டிக்கன்ஸ் இறந்துவிட்டார். கற்பனையும் வாழ்க்கையும் ஒன்றை ஒன்று அறியாமலே ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஜேம்ஸ் மில்லைப் பற்றி இந்திய வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1817-இல் அவர் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’ என்ற பெரும் நூலை வெளியிட்டார். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி ஒன்றும் தெரியாது. நேரில் பார்க்காததே நடுநிலைக்கு உதவும் என்று முன்னுரையில் வாதிட்டார். குதிரையோடு வாழாமலே குதிரைக்கு இலக்கணம் சொன்ன பிட்சரின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியாது.

பிரெஸ்டன் பயணமும் வாரத் தொடரும்

கதை நடக்கும் கோக்டவுன் கற்பனை நகரம். செங்கல் கட்டடங்கள், பாம்பாகச் சுருளும் புகை, சாயம் கலந்த ஆறு என்று அது வருணிக்கப்படுகிறது. இதற்குப் பின்புலமாக இருந்தது லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்கள். பிரெஸ்டன் நகரில் 1853-இல் பத்து சதவீதக் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களுக்கு எதிராக முதலாளிகள் ஆலைகளை இழுத்துப் பூட்டினர். பல்லாயிரம் பேர் மாதக்கணக்கில் வேலையின்றி இருந்தனர். 1854 சனவரி இறுதியில் டிக்கன்ஸ் அங்கே சென்றார். பிப்ரவரி 11 இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தொழிலாளர் கூட்டங்கள் ஒழுங்காகவும் அமைதியாகவும் நடந்தன என்று அக்கட்டுரையில் பாராட்டியவர், நாவலிலோ தொழிற்சங்கப் பேச்சாளர் ஸ்லாக்பிரிட்ஜை வெறும் வாய்ச்சவடால்காரராக ஆக்கிவிட்டார். கண்ணால் கண்டதைக் கதைக்காகச் சிதைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே விடை இல்லை.

மற்றொரு விடுபடலும் உண்டு. ஆலை இயந்திரங்களில் சிக்கிக் கைகால் இழந்தவர்களைப் பற்றி ஹென்றி மார்லி எழுதிய கட்டுரையை அதே இதழ் 1854 ஏப்ரலில் வெளியிட்டது. நாவலில் ரேச்சல் என்ற தொழிலாளிப் பெண்ணின் தங்கை இயந்திரத்தில் கை இழந்ததாக டிக்கன்ஸ் எழுதியிருந்தார்; அச்சுக்குப் போகும் முன் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார். வாரந்தோறும் சில பக்கங்களுக்குள் கதையை அடக்க வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருந்தது. தொடர் ஆகஸ்ட் 12 வரை இருபது வாரம் ஓடி, தாமஸ் கார்லைலுக்குக் காணிக்கையாக்கப்பட்டு நூலாக வந்தது. அவர் எழுதி முடித்த நாவல்களுள் அளவில் சிறியவற்றில் ஒன்று. டிக்கன்ஸை முதன்முதலாகப் படிக்கும் மாணவருக்கு இதுவும் ஒரு வசதி.

அறுவடை

விதைப்பு, அறுவடை, களஞ்சியம் சேர்த்தல் என்று நாவல் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் பகுதியில் கற்பித்ததெல்லாம் பின்னிரண்டில் விளைந்து நிற்கிறது. லூயிசாவை, அவளைவிட முப்பது வயது மூத்த வங்கி முதலாளி பவுண்டர்பி பெண் கேட்கிறார். தந்தை மகளிடம் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணங்களின் வயது வேறுபாடு பற்றிய புள்ளிவிவரங்களை எடுத்து வைக்கிறார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இந்தியாவின் நிலவரத்தையும் சான்றாகச் சேர்த்துக்கொள்கிறார். அவரை அன்பாகக் கேட்க ஒரு சொல் கூட அவரிடம் இல்லை. அவளுக்கும் மறுக்கச் சொல் இல்லை. மணம் நடக்கிறது. பின்னர் அந்த வாழ்வு தாங்காமல் ஓர் இரவு மழையில் நனைந்தபடி தந்தை வீட்டுக்கு ஓடிவந்து, தம் கல்வி தமக்கு என்ன செய்தது என்று கேட்டு அவர் காலடியில் மயங்கி விழுகிறாள்.

மகன் டாம் வங்கியில் திருடி, பழி ஒரு ஏழை நெசவாளர்மேல் விழும்படி செய்கிறான். பிடிபட்டபோது தந்தைக்கு அவன் சொல்லும் விளக்கம் குரூரமானது. இத்தனை பேரில் இத்தனை பேர் நேர்மை தவறுவர் என்பது விதி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், விதியை நான் எப்படி மாற்ற முடியும் என்கிறான்.

எல்லாவற்றிலும் கூர்மையானது பிட்சரின் முடிவு. முதல் வகுப்பில் சரியான விடை சொன்ன அந்தப் பையன் வங்கியில் வேலைக்குச் சேர்கிறான். விதவைத் தாயை ஏழைகள் விடுதியில் சேர்த்துவிட்டு, ஆண்டுக்கு அரை பவுண்டு தேயிலை கொடுக்கிறான். அதுவும் அவனுடைய ஒரே பலவீனம் என்று டிக்கன்ஸ் கேலி செய்கிறார். தப்பியோடும் டாமை மடக்கிப் பிடிப்பவனும் அவனே. மகனை விட்டுவிடும்படி கெஞ்சும் கிராட்கிரைண்டு, உனக்கு இதயம் இல்லையா என்று கேட்கிறார். இதயம் இல்லாமல் இரத்த ஓட்டம் நடக்காதே என்று உடலியல் விடை வருகிறது. என் பள்ளியில் படித்தாயே என்கிறார் பெரியவர். கட்டணம் கட்டினேன், படித்தேன், கணக்கு முடிந்தது என்கிறான் பிட்சர். பள்ளியின் மிகச் சிறந்த மாணவன் அவன். கற்பித்ததில் ஒரு எழுத்துக் கூட மறக்கவில்லை.

கதை சட்டமான கதை

நாவல் வந்து எட்டாண்டு கழித்து அதன் கேலி ஏறத்தாழ அரசு விதியாகியது. இங்கிலாந்தின் கல்வித் துறைக்குத் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் லோ 1862-இல் திருத்தப்பட்ட கல்வி விதித்தொகுப்பை நடைமுறைப்படுத்தினார். தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்பது அதன் மையக் கருத்து. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை போதிய நாள் பள்ளிக்கு வந்திருந்தால் எட்டு ஷில்லிங் மானியம் உண்டு. ஆய்வாளர் நேரில் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் கழிக்கப்படும். பிள்ளையின் விடைக்கு விலை குறிக்கப்பட்டது. அந்த விலை ஆசிரியரின் சம்பளத்தையும் தொட்டது.

பள்ளிகள் இதற்கேற்ப மாறின. மானியம் தராத பாடங்கள் ஒதுங்கின. வாசிப்புப் புத்தகம் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப ஓதப்பட்டு, பிள்ளைகள் அதைப் பார்க்காமலே ஒப்பிக்கும் நிலை வந்தது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு, தம் பதவிக்கு இடர் வரும் என்று தெரிந்தும் இம்முறையை எதிர்த்து எழுதினார். ஆயினும் அது 1890கள் வரை நீடித்தது.

இந்த முறை கடல் கடந்தும் வந்தது. ‘ஹார்ட் டைம்ஸ்’ தொடராக வந்துகொண்டிருந்த 1854 சூலையில்தான் இந்தியக் கல்விக்கு அடிப்படையான சார்ல்ஸ் வுட்டின் கல்வி அறிக்கை லண்டனிலிருந்து அனுப்பப்பட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857-இல் தோன்றியதும், தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் ஏற்பாடும் அதன் விளைவு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் தரும் முறை புகுந்தது. நம் திண்ணைப் பள்ளிகளும் அதன் வலைக்குள் வந்தன. மனப்பாடம் திண்ணைப் பள்ளிக்குப் புதிதன்று. எண்சுவடியும் நிகண்டும் அங்கே ஓதப்பட்டவையே. ஆனால் ஒரு பிள்ளையின் விடைக்கு அரசு அலுவலகத்தில் விலை போடுவது புதிது.

படித்தவர்கள் சொன்னது

நாவல் வந்தவுடன் எல்லோரும் வரவேற்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு 1835-இல் குறிப்பு எழுதிய மெக்காலே, இது சோசலிசம் பேசுகிறது என்று தம் நாட்குறிப்பில் சலித்துக்கொண்டார். ஜான் ரஸ்கின் 1860-இல் இதைப் பாராட்டி, சமூகச் சிக்கல்களில் அக்கறை உள்ளவர் கவனமாகப் படிக்க வேண்டிய நூல் என்றார். அதன்பின் நெடுநாள் டிக்கன்ஸின் நூல்களில் இது பின்வரிசையில் கிடந்தது. 1948-இல் எஃப். ஆர். லீவிஸ் தம் விமர்சன நூலில் டிக்கன்ஸின் மற்ற நாவல்களை விட்டுவிட்டு இதை மட்டும் தனித்து உயர்த்திப் பேசிய பிறகே பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இதற்கு இடம் கிடைத்தது. கிராட்கிரைண்டு என்ற பெயர் ஆங்கில அகராதிகளில் பொதுச்சொல்லாகவே ஏறிவிட்டது.

இன்றைய மாணவரின் மேசையில்

இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகள் ஒப்பீட்டுப் பட்டியல்களாக வெளியாகத் தொடங்கியபோது, கிராட்கிரைண்டின் பெயர் மீண்டும் கல்வி விவாதங்களில் அடிபட்டது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. அதுவரை முடிவு வெளியாகும் நாளில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் படம் வந்த பிள்ளைகளை ஊரே அறியும். மதிப்பெண்கள் மட்டும் நிற்கவில்லை. தனியார் பயிற்சி மையங்களின் சுவரொட்டிகளில் அவை இன்னும் பெரிதாக அச்சாகின்றன.

இந்நாவலைத் தேர்வுக்கு எதிரான துண்டறிக்கையாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். கணக்கும் அறிவியலும் வேண்டாம் என்று டிக்கன்ஸ் எங்கும் சொல்லவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு ஒரு கதவு. பரிந்துரையும் குடும்பப் பெயரும் இல்லாதவருக்கு மதிப்பெண் மட்டுமே துணை. 1853-இல் இங்கிலாந்திலும் அரசு வேலைகளைச் செல்வாக்கின்றித் தேர்வின்வழி நிரப்பலாம் என்ற நார்த்கோட்-ட்ரெவெல்யன் அறிக்கை எழுதப்பட்டது. மறு ஆண்டு வெளியானது. தேர்வு நியாயத்தின் கருவியாகவும், பிள்ளையை எண்ணாக்கும் கருவியாகவும் ஒரே பத்தாண்டில் வளர்ந்தது. நாவல் முன்னதைப் பேசவில்லை. அதை மாணவரே சேர்த்து நினைக்க வேண்டும்.

கல்லூரிகளில் இந்நாவலுக்கும் கைடுகள் விற்பனையாகின்றன. கிராட்கிரைண்டின் குணநலன்களை விவரி என்பது வழக்கமான கேள்வி. ஐந்து தலைப்புகளில் மனப்பாடம் செய்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். பிட்சர் எழுதினால் அப்படித்தான் எழுதுவான். சிஸ்ஸி என்ன எழுதியிருப்பாள் என்பதற்கு நாவலே விடை வைத்திருக்கிறது. சில ஆண்டுகள் முயன்ற பிறகு, நீ பள்ளியில் முன்னேறவில்லை, படிப்பைத் தொடர்வதில் பயனில்லை என்று கிராட்கிரைண்டு அவளிடம் வருத்தத்தோடு சொல்லிவிடுகிறார். அவள் அழுதபடி ஒப்புக்கொள்கிறாள். அதன்பின் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதும், லூயிசாவைக் குலைக்க வந்தவனைத் தனியே சந்தித்து ஊரைவிட்டு அனுப்புவதும், டாமை ஒளித்துக் காக்கச் சர்க்கஸ் கூடாரத்துக்கு வழி சொல்வதும் அந்தத் தோற்ற மாணவிதான். டாமோடு வரும் பிட்சரை அந்தக் கூடாரத்தார் வழிமறிக்கும்போது, அவன் ஏறிய வண்டியை நகரவிடாமல் ஆடிக்காட்டி நிறுத்துவது பழக்கிய ஒரு குதிரை.